சின்னாற்றில் இரண்டு பாதைகள்: மேல்மடையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமராவதி அணைக்குக் கீழே, கல்லாபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்துசேரும் நாளில் அப்பா தெற்கே கையை நீட்டி, "அங்கிருந்து வருதுடா" என்பார். அந்தத் திசையில் நீலமாக ஆனைமலை தெரியும். அணைதான் தண்ணீரின் பிறப்பிடம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அணைக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அதில் நம்மைப் போலவே சோறும் சந்தையும் பிள்ளைகளின் படிப்புமாக ஊர்கள் இருக்கின்றன என்பது, உடுமலையிலிருந்து மூணாறு சாலையில் போய் சின்னாற்றில் இறங்கி நடந்த பிறகுதான் உறைத்தது.

கடைமடைக்காரனுக்கு மேல்மடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆய்வை எழுத அதுதான் காரணம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வருடம் ஒருமுறையாவது போய் நடந்து, பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே வைக்கிறேன். என் கேள்வி இதுதான்: இந்தப் பள்ளத்தாக்கில் யார் நடக்கலாம், எப்படி நடக்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? காடு நிலைப்பதும் அழிவதும் அந்தப் பதிலைப் பொறுத்தது என்று நான் நம்புகிறேன்.

இடம்

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு ஆனைமுடியை ஒட்டிய மலைகளில் பிறந்து, மறையூர் வழியாக இறங்கி, தூவானம் அருவியாக விழுந்து கிழக்கே வருகிறது. சின்னாறு இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடிவந்து கூட்டாற்றில் அதோடு சேர்கிறது. சேர்ந்த தண்ணீர் 1957இல் கட்டிய அமராவதி அணைக்குள் போய், அங்கிருந்து தாராபுரம், கரூர் என்று காவிரிக்குப் போகிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுக்கு 3 டி.எம்.சி. தண்ணீருக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் தரும் காட்டில் குடியிருக்கிறவர்களைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் ஒரு வரி வராது.

சின்னாறு வனவிலங்கு சரணாலயம் 1984இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர், இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. கேரளம் என்றதும் கண்ணில் வரும் பச்சை இங்கே கிடையாது. தென்மேற்கு மழை முழுவதையும் மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு மேகம் வெறுங்கையோடு இறங்கும் மறைவுப் பிரதேசம் இது. மழை பெய்யும் நாள்கள் ஆண்டுக்கு ஐம்பதைத் தாண்டாது. கிடைப்பதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும். சரிவெல்லாம் கள்ளியும் முள்ளும் பாறையும். ஆற்றை ஒட்டி மட்டும் நீர்மருதும் நாவலும் புங்கனுமாக ஒரு பச்சைக் கரை.

அந்தக் கரைதான் எல்லாம். நரை அணில் அங்கேதான் வாழ்கிறது. நம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வைத்துக் காக்கும் அதே அணில்தான். கிளைக்குக் கிளை தாவியே அது பிழைக்கிறது. ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தின் தலையைத் தொட வேண்டும். நடுவே நாலு மரம் போனால் அதன் ஊர் இரண்டாகிவிடும். கரையோர மரத்தை ஏன் தொடக்கூடாது என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஆலம்பெட்டிப் பக்கம் ஒரு வழிகாட்டி அணில் கூட்டைக் காட்டி, அது இறங்காமலே ஆற்றைத் தாண்டும் இடத்தையும் காட்டியபோதுதான் புரிந்தது.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள், பேச்சிலும் தமிழ்தான். சரணாலயத்துக்குள் 11 குடிகள், அதாவது பழங்குடிச் சிற்றூர்கள். முதுவர்களும் மலைப்புலையர்களும் இருக்கிறார்கள். முதுவர்களுக்கு வீட்டுக்குள் அவர்கள் பேச்சு, கடைக்கு வந்தால் தமிழ், ஆபீஸுக்குப் போனால் மலையாளம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி வனச்சரகத்தில் தளிஞ்சி, மஞ்சம்பட்டி போன்ற ஊர்கள். உறவும் கொடுக்கல் வாங்கலும் எல்லையைப் பார்ப்பதில்லை.

முதல் பாதை: வருகிறவர்களுக்கு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 27ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் யாரும் நுழையக்கூடாது என்பது அது. அங்கே நிலத்தில் உரிமை உள்ளவர்களுக்கும், பொதுச் சாலையில் கடந்து போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. இந்த இரண்டாவது விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதற்கு வருகிறேன்.

இப்படி ஒரு சட்டம் வந்து, ஓர் இடம் சரணாலயமும் ஆகும்போது, அதுவரை காடே வீடாக இருந்தவர்கள் சந்தேகத்துக்குரிய ஆட்களாகிவிடுகிறார்கள். விறகு, தேன், தைலப்புல் என்று எதைத் தொட்டாலும் கேள்வி வரும். இந்தியா முழுக்க இதுதான் கதை. கேரளத்தில் மாற்றம் பெரியாறு புலிகள் காப்பகத்தில் தொடங்கியது. 1996இல் உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்துக்கொண்டிருந்த ஆட்களையே அழைத்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். கம்பம், குமுளிப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவனிடமே காவலைக் கொடு என்பது யோசனை. அந்த ஏற்பாடு மற்ற சரணாலயங்களுக்கும் பரவியது. சின்னாற்றில் குடிதோறும் சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. எல்லாரும் ஈ.டி.சி. என்றுதான் சொல்கிறார்கள்.

நடைமுறை எளிது. சீட்டு வாங்கினால் குடியைச் சேர்ந்த ஒருவர் உங்களோடு வருவார். தூவானம் வரை ஆற்றோரம் ஒரு நடை, ஆலம்பெட்டிப் பக்கம் பாறை ஓவியங்களும் பழங்காலக் கல்லறைகளும் பார்க்க ஒரு நடை, காவல் கோபுரத்துக்கு ஒரு சிறு நடை. கூட்டமாகப் போக முடியாது. தனியாகவும் போக முடியாது. நீங்கள் கட்டும் பணத்திலிருந்து அவருக்குக் கூலி.

முதல்முறை போனபோது எனக்கு இது பிடிக்கவில்லை. என் காலில் நான் நடக்க எதற்கு ஓர் ஆள் என்று தோன்றியது. ஆற்றோரம் அரை மணி நேரம் நடந்திருப்போம். முன்னால் போனவர் நின்றார். கையைப் பின்னால் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். எனக்கு எதுவும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. "ஆனை வாடை வருது சார், பேசாதீங்க" என்றார். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. நான் மட்டும் போயிருந்தால் நேராக அவற்றின் நடுவில் போய் நின்றிருப்பேன். நான் பிழைத்தேன் என்பது ஒரு பக்கம். அந்தத் தாய் மிரளாமல், குட்டிகளோடு நிதானமாகத் தண்ணீர் குடிக்க முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்றிலிருந்து "எதற்கு ஓர் ஆள்" என்று நான் கேட்பதில்லை.

திரும்பும் வழியில் அவர் பைக்குள் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு சிப்ஸ் உறையும் சேர்ந்திருந்தன. எங்களுடையவை அல்ல. மாசி, பங்குனியில் தீ பரவாமல் இருக்கப் புல்லைச் செதுக்கித் தீ வரி வெட்டுவது யார், தீப்பிடித்தால் தழை ஒடித்து அடிப்பது யார் என்று கேட்டேன். "நாங்கதான், வேற யாரு" என்றார். கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட நட்சத்திர ஆமைகளைச் சின்னாற்றின் முள்காட்டில் கொண்டுவந்து விட்டார்கள் அல்லவா, அவற்றின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும் இந்தக் கண்கள்தான் வேண்டும். இயற்கையாகவே நட்சத்திர ஆமை வாழும் இடம் கேரளத்தில் இது. நடைபாதையில் நான் கொடுக்கும் கூலியும் தீயணைக்கும் கையும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. இந்த ஏற்பாட்டின் பலம் அதுதான்.

தாயண்ணன்குடியின் கேப்பை

சற்று நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. காடு காப்பதைப் பற்றிப் பேசும்போது மரத்தையும் மிருகத்தையும் சொல்லிவிட்டு விதையை மறந்துவிடுகிறோம்.

முதுவர்களின் சாப்பாடு கேப்பை. கேப்பை மாவைக் கிளறிக் கட்டியாகச் செய்து கீரையோடோ குழம்போடோ சாப்பிடுவார்கள். ஒரு குடியிலேயே பல வகை விதைகள் இருந்தன. மீன்கண்ணி, நீலக்கண்ணி என்று பெயர்களைக் கேட்டாலே நாவில் நிற்கும். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று காற்றுக்குச் சாயாது, ஒன்று வறட்சி தாங்கும். மழை எப்படி வந்தாலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் என்பதற்காகத்தான் இத்தனை வகை. ரேஷன் அரிசி வந்தது. இடம் மாற்றி மாற்றிக் காட்டில் விதைக்கும் வழக்கம் நின்றது. யானையும் பன்றியும் இறங்கினால் ஓர் இரவில் எல்லாம் போகும். மெல்ல மெல்ல விதைப்பதை விட்டார்கள். கேப்பையை விதைக்காமலே வைத்திருந்தால் விதையின் முளைப்புத் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். எங்கள் வீட்டிலும் பாட்டி காலத்துச் சம்பா இப்படித்தான் போனது, அதனால் அந்த இழப்பு எனக்குத் தெரியும்.

சரணாலயத்துக்குள் இருக்கும் முதுவர் குடியான தாயண்ணன்குடியில் அதைத் திருப்பிக்கொண்டுவந்தார்கள். 'புனர்ஜீவனம்' என்று பெயர் வைத்து, வனத்துறையும் வேளாண்துறையும் குடிக்காரர்களோடு சேர்ந்து செய்த வேலை. வயதான பெண்களிடமும் மற்றக் குடிகளிலும் மிச்சமிருந்த கைப்பிடி விதைகளைத் தேடிச் சேர்த்து, தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, வேலி போட்டு விதைத்தார்கள். முதல் நோக்கம் விற்பனை அல்ல, வீட்டுச் சாப்பாடும் அடுத்த ஆண்டுக்கு விதையும். அந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். சந்தையை முதலில் வைத்திருந்தால் அதிகம் விளையும் ஒரு வகை மட்டும் நின்று, மற்றவை மறுபடியும் காணாமல் போயிருக்கும்.

நடைபாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வயலில் யானை வரும் வழியை அறிந்தவன்தான் பாதையில் என்னை உட்காரவைத்தவன். பிழைப்புக்காக அவன் மூணாறு ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டால் பாதைக்கும் ஆள் இல்லை, கேப்பைக்கும் ஆள் இல்லை. ஊருக்குள் கூலி கிடைத்தால் இரண்டும் நிற்கும்.

எனக்கு உறுத்துகிறவை

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக மனமில்லை. ஈ.டி.சி.யில் தலைவர் குடியிலிருந்து வருகிறார், செயலாளர் வனத்துறை ஊழியர். கணக்கும் கையெழுத்தும் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் முடிவும் இருக்கும். நல்ல அதிகாரி இருக்கும் ஆண்டுகளில் எல்லாம் நன்றாக நடக்கிறது. அவர் மாறுதலாகிப் போனால் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு குடியின் வாழ்வு ஒரு மனிதரின் மாறுதல் உத்தரவைச் சார்ந்திருப்பது நியாயமில்லை. வழிகாட்டிகள் இன்னும் தினக்கூலிகள்தான். மழைக்காலத்திலும் தீப்பருவத்திலும் பாதை மூடினால் அந்த வருமானம் இல்லை.

அடுத்தது சாலை. மறையூருக்கும் சின்னாறு செக்போஸ்டுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர், சரணாலயத்தின் நடுவே போகிறது. 27ஆம் பிரிவின் அந்த விலக்கு இங்கேதான் வேலை செய்கிறது. காலால் நடக்க வருகிறவன் சீட்டு வாங்கி, ஆளோடு, சத்தமில்லாமல் போகிறான். காரில் வருகிறவன் எந்தச் சீட்டும் இல்லாமல் கடக்கிறான். கோடையில் யானைகள் அணைத் தண்ணீரைத் தேடி மலையிலிருந்து இறங்கும்போது, உடுமலை–மூணாறு சாலையைக் கடந்தாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் வரிசையாக வண்டிகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறார்கள். ஹாரன் அடிக்கிறார்கள். என் கணிப்பில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு மாதத்தில் நடைபாதை செய்யும் தொந்தரவைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலை செய்யும் தொந்தரவு அதிகம். பொதுச் சாலையை மூடச் சொல்லவில்லை, என் ஊர்க்காரர்களும் மறையூர்க்காரர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்தக்கூடாத இடங்களில் குடி இளைஞர்களை அதிகாரத்தோடு நிற்கவைக்கலாம். சீசன் மாதங்களிலாவது.

இரண்டாவது பாதை: இருக்கிறவர்களுக்கு

செக்போஸ்ட் பக்கம் இறங்கி, கூட்டாற்றைக் கடந்து நடந்தால் தளிஞ்சி. மழைக்காலத்தில் அந்த ஆறு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. மேலே மறையூரில் பெய்தால் போதும், இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே செந்நிறமாகத் தண்ணீர் வந்துவிடும். பாலம் வேண்டும் என்று தளிஞ்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். தண்ணீர் போகும்போது ரேஷன் மூட்டையும் அக்கரையில் நிற்கும், நோயாளியும் இக்கரையில் நிற்பார். தொட்டில் கட்டி மனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கும் படத்தை உடுமலைப் பத்திரிகைகளில் எத்தனை முறை பார்த்திருப்போம்!

யோசித்துப் பாருங்கள். ஒரே பள்ளத்தாக்கில் தூவானம் அருவியைப் பார்க்க வருகிற எனக்குப் பாதை இருக்கிறது, ஆள் இருக்கிறது, நேரம் குறித்த ஏற்பாடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இருக்கிறவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நடைபாலம் இல்லாமல் இத்தனை ஆண்டுகள். காடு கெட்டுவிடும் என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அந்தப் பதிலை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. மரத்தலைகள் பிரிந்தால் அணிலுக்கு என்ன ஆகும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அகலத் தார்ச்சாலை போட்டால் அதில் முதலில் வருவது ஆம்புலன்ஸாக இருக்காது, ரிசார்ட்டுக்கு இடம் பார்க்கும் ஜீப்பாக இருக்கும். தளிஞ்சியில் பேசியபோது அவர்களே இதைச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது பாலமும் ஜீப் ஏறும் ஒரு தடமும்தான்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). சாலை, பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு தரலாம். 1 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மூன்று மீட்டர் அகலத் தடமானால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போட முடியும். நடைபாலத்துக்கு வேண்டியது சில சென்ட் நிலம்தான். எந்த மரத்தைத் தொடாமல் எங்கே தூண் வைப்பது என்பதை அந்த ஊர்க்காரரைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது.

எல்லையில் வேறு இடங்களிலும் இதே கதைதான். பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே தேக்கடி என்ற குடியின் (பெரியாற்றுத் தேக்கடி அல்ல) மக்கள், செம்மணாம்பதிக்குத் தங்கள் மாநிலத்துக்குள்ளேயே ஒரு வழி கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 2020 அக்டோபர் 2 அன்று தாங்களே வழி வெட்ட இறங்கினார்கள். காந்தி பிறந்த நாளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை.

வால்பாறை வழியாக மலக்கப்பாறை இறங்கினால் வாழச்சால். அங்கே கதை கொஞ்சம் வேறு. சாலக்குடி ஆற்றங்கரையில் காடர் என்ற பழங்குடியினரின் ஒன்பது குடிகளுக்கு 2014இல் சமூக வன உரிமை கிடைத்தது. காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கே உரிமை தரும் பிரிவு அது, 3(1)(i). அதே ஆற்றில் அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின்திட்டம் பேசப்பட்டபோது, எங்கள் காட்டில் எங்களைக் கேட்காமல் முடியாது என்று சொல்ல அவர்களிடம் ஒரு காகிதம் இருந்தது. இருவாச்சிப் பறவையின் கூடுகளைக் காப்பதும் அந்தக் காடர்கள்தான். ஈ.டி.சி.க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. ஈ.டி.சி. ஓர் உத்தரவில் வந்தது, இன்னோர் உத்தரவில் போகலாம். உரிமைப் பத்திரம் அப்படிப் போகாது. சின்னாற்றின் இரு கரைகளிலும் அந்தப் பத்திரம் முழுமையாகக் கைக்கு வந்து, வழிகாட்டிக் கூலியும் பாதைக் கணக்கும் கிராம சபையின் கீழ் வர வேண்டும் என்பது என் விருப்பம். வனத்துறை பக்கத்தில் நிற்கட்டும், சொல்லித்தரட்டும், தவறு நடந்தால் தட்டிக்கேட்கட்டும்.

கடைசியாகப் போனது ஓர் ஐப்பசி மாதம். தளிஞ்சியில் ஒரு வீட்டில் கேப்பைக் கட்டி சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வாக்கில் கூட்டாற்றுக்கு இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில், உடுமலை ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெரியம்மா, தலையில் பையோடு நின்றார். இக்கரையிலிருந்து அவருடைய பேரன் கத்தினான்: "அப்பத்தா, இறங்காத! அங்கேயே இரு!" அவர் கையை ஆட்டிவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். என்னோடு வந்தவர் ஒரு குச்சியை வெட்டித் தண்ணீரின் விளிம்பில் ஊன்றினார். கொஞ்ச நேரத்தில் குச்சி மூழ்கியது. "இன்னைக்கு இல்ல தம்பி, காலைல பாக்கலாம்" என்றார். நாங்கள் குடிக்குத் திரும்பி நடந்தோம். பேரன் மட்டும் இருட்டும்வரை அங்கேயே நின்று, அக்கரைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.